அசைவமே சாப்பிடாத எனக்கு எல்.டி.எல். 246: மாத்திரை தொடங்கலாமா?

பனியன் ஊர் (திருப்பூர்)

வணக்கம். எனக்கு வயது 36. பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். போன வாரம் கம்பெனியில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். என் ரிப்போர்ட்டில் மட்டும் மூன்று வரி தடித்த எழுத்தில் வந்திருக்கிறது.

டோட்டல் கொலஸ்ட்ரால் 312. ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு 110. எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால் என்கிறார்கள்) 44. வி.எல்.டி.எல். 22. எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால் என்கிறார்கள்) 246. சர்க்கரையும் பிரஷரும் சரியாகவே இருக்கின்றன.

எனக்குப் புரியாதது இதுதான். நான் ஒல்லி. 170 செ.மீ. உயரத்துக்கு 61 கிலோ. பிறந்ததிலிருந்து சைவம், வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை. குடி, சிகரெட் கிடையாது. என் பக்கத்து சீட்டில் இருப்பவர் தினமும் மதியம் பிரியாணி சாப்பிடுகிறார், 94 கிலோ. அவருக்கு எல்.டி.எல். 118.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பா 44 வயதில் இறந்துவிட்டார். விடியற்காலையில் நெஞ்சு கரிக்கிறது என்றார். வாயு என்று நினைத்து அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தார், நான் ஓடிப்போய் சோடா வாங்கி வந்தேன். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. நான் அப்போது பிளஸ் டூ. பெரியப்பாவுக்கு 51-ல் பைபாஸ் நடந்தது.

டாக்டர் கொலஸ்ட்ராலைக் குறைக்க ரொசுவாஸ்டாட்டின் 20 என்ற மாத்திரை எழுதிக் கொடுத்து, இரவில் ஒன்று போடச் சொன்னார். அட்டையை வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் பிரிக்கவில்லை. "ஒருமுறை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் போட வேண்டும், ஈரல் போய்விடும்" என்கிறார் மாமனார். கொலஸ்ட்ரால் என்பதே மருந்துக் கம்பெனிகள் கட்டிவிட்ட கதை என்று மச்சான் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார், அதில் பேசுபவரும் டாக்டர்தான். அம்மா வெந்தயமும் பூண்டும் போதும் என்கிறார்.

மூன்று மாதம் சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருந்து பார்த்துவிட்டு, அப்புறம் மாத்திரையைப் பற்றி யோசிக்கலாமா? 7 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அதனால்தான் கேட்கிறேன்.

செக்கடி (சேலம்)

நண்பரே, பதற்றப்பட வேண்டாம். என் அண்ணனுக்கு டோட்டல் 240 இருந்தது. ரீஃபைண்ட் எண்ணெயை அடியோடு நிறுத்தினோம். செக்கு நல்லெண்ணெய், செக்குத் தேங்காயெண்ணெய் மட்டும்தான். காலையில் வெறும் வயிற்றில் பூண்டு நாலு பல், தினமும் ஒரு மணி நேரம் நடை. ஆறு மாதத்தில் 205-க்கு வந்துவிட்டது. மாத்திரை எதுவும் போடவில்லை. உங்களுக்கு வயதும் குறைவு, உடம்பும் ஒல்லி. முதலில் இதைச் செய்து பாருங்கள் என்பது என் எண்ணம்.

பாளை லேப் (திருநெல்வேலி)

தம்பி, நான் டாக்டர் இல்லை. அரசு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ரத்தம் எடுப்பது, சுழற்றுவது, அளப்பது, ரிப்போர்ட் எழுதுவது என்று ஆயுசில் பாதி அங்கேயே போயிற்று. அதனால் உங்கள் ரிப்போர்ட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

எல்.டி.எல்.-ஐப் பல லேப்களில் நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறார்கள். டோட்டலில் எச்.டி.எல்.-ஐக் கழித்து, ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து அதையும் கழிப்பது. ஃப்ரீட்வால்ட் என்பவர் 1972-ல் கொடுத்த சூத்திரம். உங்களுக்குப் போட்டுப் பாருங்கள்: 312-ல் 44 போனால் 268, அதில் 22 போனால் 246. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு உதவாது. உங்களுக்கு 110 தான், ஆகவே எண்ணை நம்பலாம். திரும்ப எடுத்தால் பத்து இருபது முன்னே பின்னே வரும். 246 போய் 130 வந்துவிடாது.

பக்கத்து சீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டீர்கள். லேபில் எங்கள் கண்ணுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். ரத்தத்தைச் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி எடுத்தால் சிவப்பு அடியில் தங்கி, மேலே சீரம் தெளியும். சில குழாய்களில் அது பால் ஊற்றினாற்போல் வெள்ளையாக நிற்கும். பின்னால் பிடித்த விரல் தெரியாது. ட்ரெயினிங்குக்கு வரும் பிள்ளைகள் "மேடம், இவருக்குக் கொலஸ்ட்ரால் பயங்கரமாக இருக்கும்போல" என்பார்கள். அளந்தால் ட்ரைகிளிசரைடு 900, 1000 என்று வரும். கட்டுப்படாத சர்க்கரையோ குடியோ பெரும்பாலும் காரணமாக இருக்கும். அதே ஸ்டாண்டில் அடுத்த குழாய் இளமஞ்சளாக, கண்ணாடி மாதிரி தெளிவாக நிற்கும். அதில் எல்.டி.எல். 250 இருக்கும். எல்.டி.எல். துகள் அவ்வளவு சிறியது, எவ்வளவு கூடினாலும் சீரத்தைக் கலக்காது. குழாயிலேயே தெரியாதது உடம்பைப் பார்த்தால் எப்படித் தெரியும்? ஒல்லி, குண்டு என்பதை வைத்து எல்.டி.எல்.-ஐ ஊகிக்கவே முடியாது.

சைவம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். கொலஸ்ட்ரால் உடம்புக்குத் தேவையான சரக்கு. ஒவ்வொரு செல்லின் சுவருக்கும் அது வேண்டும். பித்தநீர், வைட்டமின் டி, பல ஹார்மோன்கள் எல்லாம் அதிலிருந்துதான் உண்டாகின்றன. அதனால் சாப்பாட்டை நம்பி உடம்பு காத்திருப்பதில்லை, பெரும்பகுதியைத் தானே செய்துகொள்கிறது. ரத்தத்தில் சுற்றும் எல்.டி.எல்.-ஐத் திரும்பப் பிடித்து உள்ளே இழுக்கக் கல்லீரல் செல்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. அந்த ஏற்பிகள் குறைந்தால், நீங்கள் வெறும் கஞ்சி குடித்தாலும் எல்.டி.எல். ரத்தத்திலேயே தங்கும்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவில் டாலஸ் நகரத்து டாக்டர்கள் கோல்ட்ஸ்டீனும் பிரவுனும். சின்ன வயதிலேயே மாரடைப்பு வரும் அபூர்வமான பிள்ளைகளின் தோல் செல்களை வளர்த்துப் பார்த்தார்கள். மற்றவர்களின் செல்கள் எல்.டி.எல்.-ஐப் பிடித்து உள்ளே இழுத்தன, இந்தப் பிள்ளைகளின் செல்களால் அது முடியவில்லை. 1970-களின் நடுவில் வெளிவந்த அந்த வேலைக்கு 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் அந்த நிலைமை. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் ஏற்பிகள் ஏறக்குறைய பாதிதான் வேலை செய்யும். எல்.டி.எல். 190-க்கு மேல் நிற்கும், முப்பது நாற்பது வயதுகளிலேயே மாரடைப்பு தேடி வரலாம். உலகத்தில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பரம்பரைக் கொலஸ்ட்ரால் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

உங்கள் 246, அப்பாவின் 44 வயது, பெரியப்பாவின் 51. இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வருகிறது. உறுதி செய்ய வேண்டியது டாக்டர். அதற்கு முன் டி.எஸ்.எச். பார்த்துவிடுங்கள், தைராய்டு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும். சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பாருங்கள். அப்புறம் உங்கள் குதிகாலுக்கு மேலே, பின்பக்கமாக ஓடும் தடித்த தசைநாரை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். தடிப்பாக, முண்டும் முடிச்சுமாக இருந்தால் அங்கே கொலஸ்ட்ரால் படிந்திருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். கருவிழியைச் சுற்றி இந்த வயதில் வெள்ளை வளையம் தெரிந்தாலும் சொல்லுங்கள். இரண்டும் இல்லை என்பதற்காக நோய் இல்லை என்று ஆகாது.

இப்போது மச்சானின் வீடியோ. நான் பார்க்கவில்லை, பார்க்கவும் தேவையில்லை. மருந்தே சம்பந்தப்படாத ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். டாலஸில் ஆயிரக்கணக்கானவர்களைப் பரிசோதித்ததில் சிலருக்குப் பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு பழுதாக இருந்தது. அது பழுதானால் ஏற்பிகள் கூடும், பிறந்ததிலிருந்தே எல்.டி.எல். குறைவாக இருக்கும். வேறொரு பெரிய ஆய்வில் பதினைந்து வருஷம் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களிடம் இதையே தேடினார்கள். அந்தப் பழுது இருந்த கறுப்பின மக்களுக்கு எல்.டி.எல். 28 சதவீதம் குறைவு, இதய ரத்தக்குழாய் நோய் 88 சதவீதம் குறைவு. 2006-ல் வெளியானது. அவர்கள் மாத்திரை போட்டவர்கள் இல்லை, பத்தியம் இருந்தவர்கள் இல்லை. பிறவியிலேயே கூடுதலாக இருப்பவர்கள் சீக்கிரம் போகிறார்கள், பிறவியிலேயே குறைவாக இருப்பவர்கள் தப்பிக்கிறார்கள். இதில் எந்தக் கம்பெனி கதை கட்ட முடியும்?

28 சதவீதக் குறைவுக்கு ஏன் இவ்வளவு பலன் என்றால், அது பிறந்த நாளிலிருந்து இருக்கிறது. எத்தனை வருஷம் என்பதுதான் இதில் பெரிய விஷயம். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இதயத்தைத் திறந்து பார்த்து 1953-ல் எழுதினார்கள். சராசரி வயது 22. முக்கால்வாசிப் பேருக்கு மேல் இதய ரத்தக்குழாயில் நோய் தொடங்கியிருந்தது. குழாயில் அழுக்கு அடைத்துக்கொள்வதுபோல என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் எல்.டி.எல். தங்குவது குழாயின் சுவருக்குள்ளே. சுவர் உள்ளுக்குள் புண்ணாகி வெளிப்பக்கமாகப் புடைக்கும், ரத்தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் அந்தப் புண்ணின் மூடி கிழிந்தால் அதன் மேல் ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் வழி அடைபடும். போன மாதம் ஈ.சி.ஜி. நன்றாக இருந்ததே, டிரெட்மில்லும் ஓடினாரே என்று வீட்டுக்காரர்கள் அழுவது இதனால்தான்.

உங்களுக்கு 36 வயது. 246 என்ற அளவு இந்த வருஷம் வந்ததாக இருக்காது. கைக்குழந்தையாக இருந்தபோதே கூடுதலாகத்தான் இருந்திருக்கும். இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. டாக்டரிடம் ஒருமுறை தெளிவாகப் பேசிவிட்டு அட்டையைப் பிரியுங்கள்.

செக்கடி அவர்களுக்கு: உங்கள் அண்ணன் 240-லிருந்து 205-க்கு வந்தது நல்ல விஷயம், நடையை விட வேண்டாம் என்று சொல்லுங்கள். தேங்காயெண்ணெயை மட்டும் குறைத்துக்கொள்ளலாம். அதில் பத்தில் ஒன்பது பங்கு நிறைகொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்). ரேஷன் பாமாயிலில் பாதிக்குக் கொஞ்சம் கீழே. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் ஐந்தில் ஒரு பங்குக்குள்தான். செக்கில் ஆட்டினாலும் ரீஃபைண்ட் செய்தாலும் இந்தக் கணக்கு மாறாது. கல்லீரலின் ஏற்பிகளைக் குறைப்பது நிறைகொழுப்புதான், சைவச் சாப்பாட்டில் நெய், வெண்ணெய், பேக்கரி பஃப்ஸ் வழியாக அது தாராளமாக வரும். எண்ணெய் பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் இருப்பதில்லை. பயறு, கொள்ளு, அவரை, ஓட்ஸ் நல்லது. பூண்டும் வெந்தயமும் சாப்பிடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் 246-ஐ 100-க்குக் கொண்டுவரும் வேலை அவற்றால் ஆகாது.

சிங்கை வாசகி (சிங்கப்பூர்)

பாளை லேப் அம்மா சொன்ன அந்தப் பரம்பரைக் கொலஸ்ட்ரால் எனக்கு இருக்கிறது. வயது 41. இங்கே அளவை வேறு அலகில் போடுவார்கள். எனக்கு முதலில் எல்.டி.எல். 6.1 என்று வந்தது. 38.67-ஆல் பெருக்கினால் உங்கள் கணக்கில் 236. ஊரில் இருக்கும் அம்மாவிடம் "ஆறு" என்று சொன்னபோது, ஆறுதானே என்று நிம்மதி ஆகிவிட்டார். வெளிநாட்டு ரிப்போர்ட்டை வைத்துப் பேசும்போது இதைக் கவனியுங்கள்.

மாத்திரை அனுபவத்தை உள்ளது உள்ளபடி சொல்கிறேன். முதலில் கொடுத்த ஸ்டாட்டினில் (உங்கள் ரொசுவாஸ்டாட்டினும் அந்த வகை மருந்துதான்) இரண்டு தொடையிலும் வலி. மாடிப்படி ஏற முடியவில்லை. தசை பாதித்திருக்கிறதா என்று பார்க்க டாக்டர் சி.கே. என்ற ரத்தப் பரிசோதனை செய்தார், அது சரியாகத்தான் இருந்தது. சில வாரம் நிறுத்திவிட்டு வேறொரு ஸ்டாட்டினைக் குறைந்த அளவில் தொடங்கி, மெல்ல ஏற்றினார். வலி திரும்பி வரவில்லை. கூடவே எஸெடிமைப் என்ற மாத்திரையும் உண்டு, அது குடல் வழியாகக் கொலஸ்ட்ரால் உள்ளே போவதைக் குறைப்பது. இப்போது எனக்கு 2.0, உங்கள் கணக்கில் 77.

வலி வந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் போங்கள். மாற்று இருக்கிறது, அளவைக் குறைக்கலாம், ஒருநாள் விட்டு ஒருநாள்கூடக் கொடுக்கிறார்கள். நான் கர்ப்பமாக இருந்தபோதும் பால் கொடுத்தபோதும் டாக்டரே நிறுத்தி வைத்தார். உங்கள் குடும்பத்தில் பெண்கள் யாருக்காவது இது இருந்தால் குழந்தைக்குத் திட்டமிடும்போதே சொல்லிவிட வேண்டும்.

ஆயுசுக்கும் போட வேண்டுமா என்ற பயம் எனக்கும் இருந்தது. என் அப்பா ஐம்பதைத் தாண்டவில்லை. அதை நினைத்தால் ராத்திரி ஒரு மாத்திரை எனக்குப் பாரமாகத் தெரியவில்லை.

பனியன் ஊர் (திருப்பூர்)

எல்லோருக்கும் மிக்க நன்றி. பாளை அம்மா எழுதியதை டாக்டரிடமே காட்டினேன். அவரும் பரம்பரைக் கொலஸ்ட்ரால் என்றுதான் நினைப்பதாகச் சொன்னார். டி.எஸ்.எச். சரியாக இருக்கிறது, சிறுநீரிலும் ஒன்றுமில்லை. மாத்திரை தொடங்கிவிட்டேன்.

குதிகாலைப் பிடித்துப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் தொட்டுப் பார்த்து லேசாகத் தடித்திருக்கிறது என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா சொன்னது: அப்பாவுக்கு இரண்டு குதிகாலுக்கு மேலேயும் புளியங்கொட்டை அளவில் முண்டு முண்டாக இருக்குமாம். பின்வார் வைத்த செருப்பு உரசும் என்று கடைசிவரை வார் இல்லாத செருப்புதான் போட்டாராம். தறியில் உட்கார்ந்து கால் மிதித்ததால் வந்தது என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். பெரியப்பாவிடம் போனில் கேட்டேன், அவருக்கும் இருக்கிறது.

கோயம்புத்தூரில் இருக்கும் என் தம்பியைப் பரிசோதனை செய்யச் சொன்னேன். வயது 31. எல்.டி.எல். 231 வந்திருக்கிறது. அவன் மாத்திரைக்குத் தயங்குகிறான். ஜிம்முக்குப் போகிறேன், எச்.டி.எல். 58 இருக்கிறது, நல்ல கொலஸ்ட்ரால் கெட்டதைச் சரிக்கட்டிவிடும் என்கிறான்.

அம்மா, இன்னும் சில சந்தேகம். எவ்வளவுக்கு இறங்க வேண்டும்? ரிப்போர்ட்டில் 130 வரை நார்மல் என்று போட்டிருக்கிறது. ஈரல் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, மாமனார் அதிலேயே நிற்கிறார். மகளுக்கு இப்போதே ரத்தம் எடுக்க வேண்டுமா? அவள் ஊசியைப் பார்த்தாலே அழுவாள்.

பாளை லேப் (திருநெல்வேலி)

தம்பி, செருப்பு விஷயத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் மனசு கேட்கவில்லை. அப்பாவின் காலில் இருந்ததைப் பார்த்துச் சொல்ல அன்றைக்கு ஒருவரும் இல்லை. இன்றைக்கு உங்களுக்கும் தம்பிக்கும் தெரிந்துவிட்டது.

ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் நார்மல் எல்லோருக்கும் பொதுவாகப் போடுவது. பாட்டிக்கும் அதுதான், பைபாஸ் ஆனவருக்கும் அதுதான். லேப் மெஷினுக்கு உங்கள் அப்பாவைத் தெரியாது. இந்திய இருதய மருத்துவச் சங்கம் 2024-ல் கொடுத்த வழிகாட்டுதலில் சாதாரண ஆளுக்கு எல்.டி.எல். 100-க்குக் கீழ், உங்களைப்போல் ஆபத்து கூடியவர்களுக்கு 70-க்குக் கீழ், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு 55-க்குக் கீழ் என்று இருக்கிறது. ரொசுவாஸ்டாட்டின் 20 பாதியளவு குறைக்கும், அப்படியானால் 120 வாக்கில் வந்து நிற்பீர்கள். மாத்திரையை இரண்டு மடங்காக்கினால் கூடுதலாக ஆறு சதவீதம்தான் இறங்கும். அதனால்தான் சிங்கை அம்மாவுக்குக் கொடுத்ததுபோல் எஸெடிமைப் சேர்ப்பார்கள். அதுவும் போதாவிட்டால் பி.சி.எஸ்.கே.9-ஐத் தடுக்கும் ஊசி இருக்கிறது, விலை அதிகம். ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் திரும்ப ரத்தம் எடுத்துப் பாருங்கள்.

எடுக்கும்போது ஒரே லேபில் எடுங்கள். மாத்திரை இல்லாத "உண்மையான" அளவு தெரியட்டும் என்று நாலு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வருபவர்கள் நிறையப் பேர். அப்படிச் செய்யாதீர்கள், மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்கத்தானே ரத்தமே எடுக்கிறோம்! ரிப்போர்ட் நார்மல் ஆகிவிட்டது என்று நிறுத்துவது அதைவிட மோசம். சில வாரங்களில் பழைய இடத்துக்கே ஏறிவிடும். எல்.டி.எல். மட்டும் பார்க்கப் பட்டினி கிடக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ட்ரைகிளிசரைடுதான் சாப்பாட்டால் மாறும். லேபில் வெறும் வயிற்றில் வரச் சொன்னாலும் தண்ணீர் குடிக்கலாம்.

அடுத்த முறை எல்.பி.(ஏ) என்ற பரிசோதனையையும் ஒரே ஒரு தடவை எடுத்துவிடுங்கள். அது எல்.டி.எல். போன்ற இன்னொரு கொழுப்புத் துகள், அதுவும் பரம்பரையில் வருவது, சாதாரண கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டில் வராது. நம் நாட்டவரில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு அது கூடுதலாக இருப்பதாக அதே வழிகாட்டுதல் சொல்கிறது.

மாமனாரிடம் இப்படிச் சொல்லுங்கள். தொடங்கும் முன் ஈரல் பரிசோதனை எடுப்பார்கள், தேவைப்பட்டால் பிறகும் எடுப்பார்கள். சிலருக்கு அதில் எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் நொதியின் அளவு கொஞ்சம் ஏறி, தானாக இறங்கும். ஈரலே கெடுவது மிக மிக அபூர்வம். தசைவலி சிலருக்கு உண்மையிலேயே வருகிறது. ஆனால் 2022-ல் பெரிய பெரிய சோதனைகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்ததில், ஸ்டாட்டின் போட்டு வலி என்று சொன்னவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் காரணம் ஸ்டாட்டின் இல்லை. மருந்தில்லாத வெறும் மாத்திரை போட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு வலி சொல்லியிருக்கிறார்கள். சர்க்கரை எல்லையில் இருப்பவர்களுக்கு அது கொஞ்சம் ஏறலாம், வருஷம் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். 1994-ல் வந்த ஸ்காண்டிநேவியச் சோதனையில் 4,444 இதய நோயாளிகளில் பாதிப் பேருக்கு ஸ்டாட்டின் கொடுத்து ஐந்து வருஷத்துக்கு மேல் பார்த்தார்கள். இறப்பே 30 சதவீதம் குறைந்தது. ஸ்டாட்டின் முதலில் கிடைத்தது எங்கிருந்து தெரியுமா? ஜப்பானில் கியோட்டோ நகரத்துத் தானியக் கடை அரிசியில் பூத்த பூஞ்சையிலிருந்து. அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து அதைப் பிடித்தார். இயற்கையாக வேண்டும் என்று கேட்கும் அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்.

உங்கள் தம்பிக்கு: எச்.டி.எல். 58 இருப்பதால் 231 சரிக்கட்டப்படாது. எச்.டி.எல்.-ஐ ஏற்றுவதற்கென்றே கண்டுபிடித்த மருந்துகள் அதை நன்றாக ஏற்றின, ஆனால் அந்த ஏற்றத்தால் மாரடைப்பு குறையவில்லை. ஒன்றின் பெயர் டோர்செட்ராபிப், போட்டவர்களில் இறப்பு கூடியதால் 2006-ல் நிறுத்தினார்கள். ஜிம் நல்லது, தொடரட்டும். ஆனால் அப்பாவுக்கு வந்த வயதுக்கு அவருக்கு இன்னும் 13 வருஷம்தான் இருக்கிறது. 52 நாடுகளில் எடுத்த ஒரு பெரிய ஆய்வு 2004-ல் வந்தது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஆறு வருஷம் போல முன்னாலேயே வருகிறது என்று அதன் தரவை வைத்து 2007-ல் எழுதினார்கள். இதையும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

மகளுக்குக் கட்டாயம் பாருங்கள். வருவதற்கும் வராததற்கும் சரிபாதி வாய்ப்பு. இப்படிப்பட்ட குடும்பத்தில் ஐந்து வயதுக்கு மேல் பார்க்கலாம் என்கிறார்கள். கூடுதலாக இருந்தாலும் நாளைக்கே மாத்திரை என்று இல்லை. எட்டுப் பத்து வயது வாக்கில்தான் யோசிப்பார்கள், அதுவரை சாப்பாடும் ஓட்டமும் விளையாட்டும்தான். ஊசி பயத்துக்கு என் யோசனை: அவளைப் பட்டினி போட்டு அதிகாலையில் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். நன்றாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும், நரம்பு சுலபமாகக் கிடைக்கும். உங்கள் மடியில் உட்கார வையுங்கள். வலிக்கவே வலிக்காது என்று சொல்லாதீர்கள், எறும்பு கடித்தாற்போல் இருக்கும் என்று உள்ளதைச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு எடுத்துப் பழகியவர் இருக்கும் லேபாகப் பாருங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் ஒன்று சொல்லி வையுங்கள். நெஞ்சு கரிக்கிறது, தாடை வலிக்கிறது, இடது கை கனக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்றால் சோடா வேண்டாம், 108 கூப்பிடுங்கள். பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்காவது போங்கள். 2023-லிருந்து "இதயம் காப்போம்" திட்டத்தில் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் அங்கேயே கொடுத்து மேலே அனுப்புகிறார்கள்.

பெரியப்பாவுக்கு எத்தனை பிள்ளைகள்? அவர்களுக்குச் சொல்லிவிட்டீர்களா?

பனியன் ஊர் (திருப்பூர்)

இரண்டு பெண்கள், ஒரு பையன். பெரிய அக்காவுக்கு 40 வயது, இதுவரை எதுவும் பார்த்ததில்லையாம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அவிநாசிக்கு ஒரு விசேஷத்துக்கு வருகிறார்கள். அங்கேயே பேசித் திங்கட்கிழமை லேபுக்கு அனுப்பிவிடுகிறேன். மகளை அடுத்த வாரம் கூட்டிப்போகிறேன், ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே போடுகிறேன் அம்மா.